அம்மாவின் ப்ளூ ஜாகர் தோடு: விற்கப் போனா குறை, வாங்கப் போனா உசத்தியா?

#1 காவேரிக்கரை
செவ்வாய், இரவு 9.42

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதறேன். நகை விஷயத்துல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அட்சய திருதியைக் கூட்டம் மட்டும்தான். அதனால நடந்ததை நடந்தபடி எழுதிடறேன், பொறுமையாப் படிங்க.

தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். எங்க அம்மாகிட்ட ஒரு ஜோடி ஏழு கல் தோடு இருக்கு. 1974ல அவங்க கல்யாணத்துக்குத் தாத்தா செஞ்சு போட்டது. பின்பக்கம் மூடின கட்டு. "ப்ளூ ஜாகர்டீ, இந்தக் காலத்துல கிடைக்காது"ன்னு சொல்லியே என்னை வளர்த்தாங்க. இப்ப அவங்களே, "இதைக் கொடுத்துட்டுப் பேத்திக்குப் புதுசா வாங்கு"ன்னு சொல்லிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய கடைக்குப் போனோம். பேர் வேண்டாம். பழைய நகை வாங்கற இடத்துல ஒரு பையன் தோட்டைச் சின்ன விளக்குக்குக் கீழ வச்சான். கல்லு நீலமா ஒளிர்ந்துச்சு. உதட்டைப் பிதுக்கினான். "ஸ்ட்ராங் ஃப்ளோரசன்ஸ் மேடம். பழைய கட்டிங் வேற. 1.40 கேரட்னு போட்டுக்கலாம், கேரட்டுக்கு 25,000 தரலாம்." அதாவது கல்லுக்கு 35,000. தங்கம் தனி.

சரின்னு தலையாட்டப் போனேன். பக்கத்து கவுண்டர்ல ஒரு பொண்ணு வேற ஒருத்தங்களுக்குத் தோடு காட்டிட்டு இருந்தா. "இது ப்ளூ ஜாகர் மேடம், அதான் ரேட் கொஞ்சம் ஜாஸ்தி"ங்கறா.

அதே கடை. பத்தடி தூரம். தோட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டோம்.

புதுசுக்கு அவங்க போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் இது:

18 கேரட் தங்கம் 7.200 கிராம், கிராம் 10,000 வீதம்: 72,000
வைரம் 14 கல், 1.05 கேரட், ஜிஹெச்-விஎஸ், கேரட் 92,000 வீதம்: 96,600
சேதாரம் 18 சதவீதம்: 12,960
கல் பதிக்கிற கூலி: 3,500
சர்டிபிகேட்: 1,500
ஜிஎஸ்டி 3 சதவீதம்: 5,597
மொத்தம்: 1,92,157

ரெண்டு கேள்வி. நீலம் நல்லதா கெட்டதா? இந்த எஸ்டிமேட் சரியா?

#2 தங்கமே_தங்கம்
செவ்வாய், இரவு 10.05

வைரத்தையே தொடாதீங்க. நாலு வருஷம் முன்னாடி அவசரத்துக்கு என் மனைவியோட வைர நெக்லஸை பேங்க்ல வச்சேன். அப்ரைசர் கல் எடையைக் கழிச்சுட்டு மிச்சத் தங்கத்துக்கு மட்டும் கடன் போட்டார். ஒன்றரை லட்சம் ரூபா கல்லு அவர் தராசுல வெறும் கழிவு. நகைக்கடன்னா தங்கத்துக்குத்தான். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே காசு மாலைதான்.

#3 செட்டிநாட்டு_ஆச்சி
செவ்வாய், இரவு 10.31

தம்பி, தோடு காதுக்குப் போடறது, பேங்குக்குப் போடறது இல்ல.

காவேரி, முதல்ல கொடுக்காம வந்ததுக்கு உனக்கு ஒரு சபாஷ். எங்க ஆயா சொல்லும், "கல்லைக் கொடுத்துட்டுக் கல்லு வாங்கினா ரெண்டு தடவையும் செட்டிக்குத்தான் லாபம்"னு. நாங்களே செட்டிங்கறதால சிரிச்சுக்கிட்டே சொல்லும்.

இன்னொண்ணு. புதுசா வைரம் வாங்கினா எங்க பக்கம் அப்படியே காதுல போட்டுக்க மாட்டோம். மூணு நாள் வீட்ல வச்சிருந்து, நல்லது கெட்டது பார்த்து, ஒத்துக்கிச்சுன்னாதான் பணம். அந்தக் காலத்துல கடைக்காரரே நம்பிக் கொடுத்து அனுப்புவார். காக்கைக்கால் இருக்கிற கல்லு மட்டும் வீட்டுக்குள்ள வரக் கூடாதும்பாக. நம்பறவங்க நம்பலாம்.

#4 லூப்_தாத்தா
புதன், காலை 5.50

சௌகார்பேட்டையில 30 வருஷத்துக்கு மேல கல் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவன். கண்ணுல ஆபரேஷன் ஆனதும் விட்டுட்டேன். இந்த நீல விஷயத்தை அம்மாவுக்குச் சொல்லத்தான் விடியக்காலையில உட்கார்ந்திருக்கேன்.

தென்னாப்பிரிக்காவுல ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன்னு ஒரு சுரங்கம் இருந்தது. 1893ல எக்ஸெல்சியர்ங்கற 995 கேரட் கல் கிடைச்சது அங்கதான். அந்தச் சுரங்கத்துக் கல்லுங்க வெளுப்பா இருக்கும், வெயில்ல பார்த்தா லேசா நீலம் அடிக்கும். அதுதான் ஜாகர். நம்ம ஊர்ப் பெரியவங்க தோடு பார்க்கறது எப்பவும் வாசல் திண்ணையில, பகல் வெளிச்சத்துல. பகல் வெளிச்சத்துல புற ஊதாக் கதிர் இருக்கு. அது பட்டா அந்த மாதிரிக் கல் நீலமா ஒளிரும். தமிழ்நாட்டுல ஜாகருக்கு மவுசு வந்த கதை இதுதான்.

அந்தச் சுரங்கத்தை 1971லயே மூடியாச்சு. இன்னிக்குக் கவுண்டர்ல விக்கிற "ப்ளூ ஜாகர்" எல்லாம் அங்கேர்ந்து வந்ததுன்னு நினைச்சுக்காதீங்க. நீலமா ஒளிர்ற வெள்ளைக் கல்லுக்கு அது ஒரு வியாபாரப் பேர். எந்த நாட்டுச் சுரங்கத்துக் கல்லாவும் இருக்கலாம். வைரங்கள்ல கால் பங்குக்கு மேல ஏதோ ஒரு அளவுக்கு ஒளிரத்தான் செய்யும், ரொம்ப அபூர்வம் ஒண்ணும் இல்ல.

இப்ப இதையே சர்டிபிகேட்ல எப்படி எழுதுவான்? "ஃப்ளோரசன்ஸ்: ஸ்ட்ராங் ப்ளூ". வெளிநாட்டு வியாபாரத்துல டி, இ, எஃப் மாதிரி உசந்த நிறக் கல்லுக்கு இது இருந்தா விலையைக் குறைப்பாங்க. சில கல் பால் பூத்த மாதிரி மங்கிப் போகும்னு ஒரு பயம். அப்படி மங்கற கல் உண்டு, நானே தள்ளி வச்சிருக்கேன். ஆனா அது ரொம்பக் கொஞ்சம். 1997ல ஜிஐஏங்கற அமெரிக்க வைரத் தரச் சோதனை நிறுவனத்து ஆளுங்களே சாதாரண ஜனங்களை வச்சுச் சோதிச்சுப் பார்த்தாங்க. பெரும்பாலானவங்களுக்கு ஒளிர்ற கல்லுக்கும் ஒளிராத கல்லுக்கும் வித்தியாசம் தெரியல. லேசா மஞ்சள் சாயல் இருக்கிற ஐ, ஜே, கே நிறத்துக் கல்லுக்கு இந்த நீலம் உதவி பண்ணும். நீலம் மஞ்சளை அடிச்சிடும், கல் வெளுப்பாத் தெரியும். வேட்டிக்கு நீலம் போடற மாதிரின்னு வச்சுக்குங்க.

அதனால அந்தப் பையனும் பொய் சொல்லல, அந்தப் பொண்ணும் பொய் சொல்லல. பையன் சர்டிபிகேட் பாஷை பேசறான், பொண்ணு திண்ணை பாஷை பேசறா. வாங்கும்போது ஒரு பாஷை, விக்கும்போது ஒரு பாஷைன்னு வச்சுக்கிட்டது கடை முதலாளி.

இன்னும் முக்கியமான விஷயம் எடை. மூடின கட்டுல இருக்கிற கல்லை அவன் எப்படி 1.40ன்னு சொன்னான்? கேட்டீங்களா?

#5 காவேரிக்கரை
புதன், காலை 8.15

தாத்தா, நமஸ்காரம். ஒரு சின்ன ஸ்கேல் மாதிரி இருந்துச்சு, அதைக் கல்லு மேல வச்சுப் பார்த்தான். "மூணு மில்லி, பத்து சென்ட், பதினாலு கல்லு"ன்னான்.

#6 லூப்_தாத்தா
புதன், காலை 8.40

அதேதான் நினைச்சேன்.

இன்னிக்குப் பட்டை தீட்டற வட்டக் கல்லுக்கு விட்டம் 3 மில்லின்னா எடை 10 சென்ட், அதாவது 0.10 கேரட். விட்டத்தை விட்டத்தால பெருக்கி, உயரத்தால பெருக்கி, 0.0061 ஆல பெருக்கினா கேரட் வரும். இங்க உயரம்தான் சூட்சுமம். புதுக் கட்டிங்ல 3 மில்லிக் கல்லோட உயரம் 1.8 மில்லி இருக்கும். பழைய கட்டிங்ல தலை தூக்கலா இருக்கும், அடி ஆழமா இருக்கும். மேலேர்ந்து பார்த்தா அதே 3 மில்லிதான், உள்ள எடை ஜாஸ்தி. மூடின கட்டுல அந்த ஆழம் யாருக்கும் தெரியாது. "பழைய கட்டிங்"ன்னு சொல்லி விலையைக் குறைச்சவன், அளக்கும்போது மட்டும் புதுக் கட்டிங் கணக்குப் போட்டிருக்கான்.

கல்லைப் பிரிச்சு எடுத்துத் தராசுல போடாம விலை பேசவே பேசாதீங்க.

#7 எக்ஸெல்_வாத்தியார்
புதன், காலை 11.20

எஸ்டிமேட்டை நான் பார்க்கறேன்.

1 கேரட் = 0.2 கிராம். 1.05 கேரட் = 0.210 கிராம். தோட்டோட மொத்த எடை 7.200ன்னா தங்கம் 6.990 கிராம்தான். உங்க பேப்பர்ல 7.200க்கும் தங்க விலை போட்டிருக்காங்க. அதாவது அந்த 0.210 கிராமுக்கு ஒரு தடவை வைர விலை, இன்னொரு தடவை தங்க விலை. 2,100 ரூபாய். அது மேல சேதாரம் 18 சதவீதம், 378. அது மேல ஜிஎஸ்டி. ஆகமொத்தம் 2,552 ரூபாய். பெரிய தொகை இல்லதான். ஆனா இதைக் கேட்டுப் பாருங்க, மிச்சத்தை எப்படிக் கணக்குப் போட்டிருப்பாங்கன்னு அவங்க முகத்துலயே தெரிஞ்சிடும். 7.200ங்கறது ஏற்கனவே கல் கழிச்ச எடைன்னு சொன்னாங்கன்னா சந்தோஷம், மொத்த எடை, நிகர எடை ரெண்டையும் பில்லுல தனித்தனியா எழுதச் சொல்லுங்க.

அப்புறம் அந்தக் கல் பதிக்கிற கூலி. சேதாரம் 18 சதவீதம் வாங்கிட்டுத் தனியா 3,500ஆ? இதுல பேரம் பேச இடம் இருக்கு. வைர ரேட்டைவிடச் சேதாரத்துலதான் கடைக்காரர் சீக்கிரம் இறங்கி வருவார், இது என் அனுபவம்.

#8 லேப்_பாலா
புதன், மதியம் 1.10

யாரும் சொல்லாததை நான் சொல்றேன். லேப் வைரம் வாங்குங்க. இதே 1.05 கேரட் உங்க எஸ்டிமேட்ல சின்னப் பங்குக்கு வரும். அதுவும் கார்பன்தான், கடினத்துக்கான மோஸ் அளவுலயும் அதே 10தான். போலி கிடையாது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1954லயே ஆய்வகத்துல வைரம் செஞ்சு காட்டிட்டாங்க. இப்ப சூரத்துல மெஷின்ல வளர்க்கறாங்க. 2023 பட்ஜெட்டுக்கு அப்புறம் நம்ம சென்னை ஐஐடிக்கே லேப் வைர ஆராய்ச்சி மையத்துக்குன்னு ஐந்து வருஷத்துக்கு 242 கோடி ஒதுக்கினாங்க. தாத்தா காலத்து ஜாகர்லயே நின்னுக்கிட்டு இருந்தா எப்படி?

#9 செட்டிநாட்டு_ஆச்சி
புதன், மதியம் 1.25

கல்யாணப் பொண்ணுக்குப் போடறதுப்பா.

#10 லேப்_பாலா
புதன், மதியம் 1.27

ஆச்சி, கல்லு எங்க பொறந்துச்சுன்னு மாப்பிள்ளை வீட்ல ஜாதகம் கேப்பாங்களா?

#11 லூப்_தாத்தா
புதன், மாலை 4.05

பாலா தம்பி சொல்றது வேதியியல்படி சரி. ஆசைக்குப் பெரிய கல் போடணும், திருப்பிக் கொடுக்கற எண்ணமே இல்லன்னா லேப் கல் நல்லாவே இருக்கும். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா விலை நிக்காது. மெஷின் கூடக் கூட விலை இறங்கிக்கிட்டே வந்திருக்கு. டி பீர்ஸ்ங்கற பெரிய வைரச் சுரங்கக் கம்பெனியே 2018ல லைட்பாக்ஸ்னு ஒரு லேப் நகை பிராண்ட் ஆரம்பிச்சு, கேரட் 800 டாலர்னு வித்தாங்க. 2025ல கடையைக் கட்டறோம்னு அறிவிச்சுட்டாங்க. அதே வருஷம் ஜிஐஏ லேப் கல்லுக்கு டி, இ, எஃப்னு நிறம், விவிஎஸ், விஎஸ்னு தெளிவு போடறதை நிறுத்திட்டு, "பிரீமியம்", "ஸ்டாண்டர்ட்"னு ரெண்டே வகையாக்கினாங்க. லேப் கல்லு வாங்கினா இன்னிக்குப் போட்டு அழகு பார்க்கறதுக்கு வாங்குங்க. பேத்திக்குச் சொத்துன்னு எழுதி வைக்காதீங்க.

எனக்கு வேற கவலை. 7 சென்ட், 10 சென்ட் மாதிரி சின்னக் கல்லுல லேப் கல்லைக் கலந்துட்டா சாதாரண டெஸ்டர் பேனா கண்டுபிடிக்காது. அது வெப்பம் பாயறதைத்தான் பார்க்கும். ரெண்டும் வைரம், ரெண்டுலயும் ஒரே மாதிரி பாயும். அதனால பில்லுல "வைரம்"னு மட்டும் இருந்தா போதாது, "இயற்கை வைரம்"னு எழுதச் சொல்லுங்க. எழுதத் தயங்கினா அடுத்த கடை.

#12 சூரத்_தமிழன்
புதன், இரவு 9.15

சூரத் வராச்சாவுல 11 வருஷமா இருக்கேன், கல்லு பாலிஷ் பண்ற கம்பெனியில கணக்கு எழுதறேன். நம்ம ஊர்க் கடையில "பெல்ஜியம் கட்டிங்"னு சொல்லும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். உலகத்துல விக்கிற பத்துக் கல்லுல ஒன்பது இந்த ஊர்லதான் பட்டை தீட்டறாங்க. நான் டீ குடிக்கிற கடைக்கு எதிர்லயே பெல்ஜியம் இருக்கு.

ஆனா கட்டிங்ங்கற விஷயம் மட்டும் சும்மா இல்ல. நாலு விஷயம் சொல்வாங்க: எடை, நிறம், தெளிவு, கட்டிங். முதல் மூணும் மண்ணுக்குள்ள கல்லு எப்படி உருவாச்சோ அதைப் பொறுத்தது. கட்டிங் மட்டும்தான் மனுஷன் கை. வட்டக் கல்லுக்கு 57 பட்டை, அடி முனையையும் தீட்டினா 58. எந்தப் பட்டை எந்தக் கோணத்துல இருந்தா உள்ள போன வெளிச்சம் கீழ ஒழுகாம மேலயே திரும்பி வரும்னு டோல்கோவ்ஸ்கின்னு ஒரு இன்ஜினியர் 1919ல கணக்குப் போட்டுக் கொடுத்தார். அடி ரொம்ப ஆழமாப் போனா நடுவுல கறுப்பு அடிக்கும், தட்டையாப் போனா மீன் கண்ணு மாதிரி இருக்கும். எடை குறையக் கூடாதுன்னு அடியைத் தடியா விடற ஆளும் உண்டு. தராசுல காசு, காதுல டல்லு.

கடைக்குப் போனா விவிஎஸ்ஸா விஎஸ்ஸான்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. ரெண்டுமே பத்து மடங்கு பெரிசாக் காட்டற லூப்ல பார்த்தாதான் தெரியும். ரெண்டடி தள்ளி நின்னு உங்க தோட்டைப் பார்க்கற சம்பந்தி லூப் கொண்டு வரப் போறது இல்ல. 7 சென்ட் கல்லுக்கு விவிஎஸ் காசு கொடுக்கறதைவிட, அதே காசுல நல்ல கட்டிங்கா எடுங்க.

அடைப்புல ஒண்ணு: "ஜிஹெச்-விஎஸ்"னா ஜி, ஹெச் ரெண்டு நிறம், விஎஸ்1, விஎஸ்2 ரெண்டு தெளிவு. நாலு வகையை ஒரே ரேட்ல போடறாங்க. உள்ள இருக்கிறது பூரா ஹெச் விஎஸ்2 ஆக இருந்தாலும் பில்லு தப்பு இல்ல.

#13 தங்கமே_தங்கம்
புதன், இரவு 9.40

மொத்த எடை 1 கேரட்னு சொல்றாங்களே, அப்ப 1 கேரட் ஒத்தைக் கல்லு விலையும் இதேதானா?

#14 சூரத்_தமிழன்
புதன், இரவு 9.52

கிட்டகூட வராது. ஒத்தைக் கல்லு 1 கேரட்னா கேரட் ரேட்டே பல மடங்கு. பெரிய கச்சாக் கல் அபூர்வம், சின்னது ஏராளம். 30, 50, 70, 90 சென்ட், 1 கேரட்னு ஒவ்வொரு படியிலயும் ரேட் தாவும். 1.00 கேட்கறதுக்குப் பதிலா 96, 97 சென்ட் கேளுங்க. விட்டத்துல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, விலையில தெரியும். ஏழு கல் தோட்டுல இந்தத் தாவல் பெரிசா இல்ல. அந்த வகையில நம்ம பாட்டிமாருங்க கெட்டிக்காரங்க. ஏழு சின்னக் கல்லைப் பூ மாதிரி சேர்த்து ஒரு பெரிய கல்லு மாதிரி ஜொலிக்க வச்சுட்டாங்க.

#15 திண்ணைப்_புலவர்
புதன், இரவு 11.30

ஆச்சி சொன்ன காக்கைக்கால் என்னைத் தூங்க விடல. இது பாட்டி கதை இல்ல. சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில மதுரை ரத்தினக் கடைத்தெருவுல வைரத்துக்கு நாலு குற்றம் வரும்: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. இந்த நாலும் நீங்கின கல்லுதான் அங்க விக்குமாம். கோவலன் அந்தத் தெரு வழியா நடந்து போறான், இடுப்புல விக்க வேண்டிய சிலம்பு இல்லாம. பழைய நகையை விக்கப் போறவங்களுக்கு அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு காவேரிக்கரைக்கு நான் சொல்ல வேண்டாம்.

#16 லூப்_தாத்தா
வியாழன், காலை 5.35

ஐயா, கடைசி வரி கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட வேண்டாமே.

ஆனா அந்த நாலும் அருமை. விந்துன்னா புள்ளி, இன்னிக்கு பின்பாயிண்ட்ங்கறாங்க. ஏகைன்னா கீற்று. களங்கம்னா கறை. காகபாதம் காக்கைக்கால் மாதிரி கிளை விட்ட வெடிப்பு. எங்க வேலையில அதை ஃபெதர்னு எழுதுவோம். காக்கைக் காலுக்குப் பதிலா இறகு வந்துடுச்சு, காக்கை மட்டும் மாறல.

புள்ளியால கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. விளிம்பு வரைக்கும் ஓடற வெடிப்பு இருந்தா மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க. பதிக்கும்போது அழுத்தம் பட்டாத் தெறிச்சிடும். வைரம் கடினம்தான், ஆனா ஒரு திசையில அடிபட்டாப் பிளக்கும்.

#17 நெறியாளர்
வியாழன், காலை 9.00

கடைப் பெயர் கேட்டுத் தனிமடல் அனுப்புவதை நிறுத்தவும். இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. சிலப்பதிகார விவாதத்துக்குத் தனி இழை உண்டு.

#18 காவேரிக்கரை
வியாழன், இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். வேட்டிக்கு நீலம் போடற இடத்துல தாத்தாவைப் பிடிச்சுப் போச்சு அவங்களுக்கு. கோவலனுக்கு மட்டும் முகம் மாறிடுச்சு.

தோட்டைக் கொடுக்கறது இல்லன்னு முடிவு. இதே கல்லை எடுத்துப் புதுத் தங்கத்துல பொண்ணுக்குக் கட்டிக் கொடுத்துடலாமா? பிரிக்கும்போது எதைக் கவனிக்கணும்? பயமா இருக்கு.

#19 லூப்_தாத்தா
வெள்ளி, காலை 6.10

நல்ல முடிவு. பிரிக்கிறதுக்கு முன்னாடி வீட்லயே வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கிற திரவம் விட்டுக் கொஞ்ச நேரம் ஊற வச்சு, மெத்துன்னு ஒரு பிரஷ்ல தேய்ங்க. எண்ணெய்ப் பிசுக்குன்னா வைரத்துக்கு உயிர். சுரங்கத்துலயே கிரீஸ் தடவின மேஜை மேல சரளையை ஓடவிட்டு, ஒட்டிக்கிற வைரத்தைப் பொறுக்கற முறை உண்டு. ஐம்பது வருஷத் தேங்காய் எண்ணெய் மேல நின்னுக்கிட்டு எந்தக் கல்லும் ஜொலிக்காது.

அப்புறம் நாலு பக்கமும் போட்டோ. இருட்டு அறையில, ரூபா நோட்டு பார்க்கிற நீல லைட் கிடைச்சா, அதுக்குக் கீழ வச்சு ஒரு போட்டோ. எந்தக் கல் எவ்வளவு ஒளிருதுங்கறது கைரேகை மாதிரி. நாளைக்குக் கல் மாறிச்சுன்னா அதுதான் சாட்சி. இயற்கைக் கல்லுன்னா ஜாகரா இருந்தாலும் பதினாலும் ஒரே அளவுல ஒளிராது. ஒண்ணு தூக்கலா இருக்கும், ஒண்ணு மங்கலா இருக்கும்.

ஆசாரி உங்க கண்ணெதிர்லதான் பிரிக்கணும். "வச்சுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க"ன்னா வேண்டாம். எடுத்ததும் கல்லு ஒவ்வொண்ணையும் கேரட் தராசுல போட்டு எழுதிக்குங்க. தங்கத்துக்கு டச், அதாவது சுத்தம் எவ்வளவுன்னு பார்க்கச் சொல்லுங்க.

#20 எக்ஸெல்_வாத்தியார்
வெள்ளி, காலை 10.45

புதுக் கட்டுக்கு 18 கேரட்னா 750 முத்திரையும் ஹெச்யூஐடிங்கற ஆறு எழுத்து அடையாளக் குறியும் இருக்கணும். பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த ஆறு எழுத்தைப் போட்டா விவரம் வந்துடும். 2023 ஏப்ரல் 1லேர்ந்து அது இல்லாம கடையில விக்கக் கூடாது. ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும், அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான், கல்லைப் பத்தி அது ஒரு வார்த்தை சொல்லாது. நிறைய பேர் ஹால்மார்க் இருக்கு, அதனால வைரமும் அசல்னு நினைச்சுக்கறாங்க.

#21 காவேரிக்கரை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.10

தாத்தா, நீல லைட் போட்டோ எடுத்தேன். நீங்க சொன்ன மாதிரியே தூக்கலும் மங்கலுமா ஒளிர்ந்துச்சு. ஆனா பதிமூணுதான். இடது தோட்டுல மேல் கல்லு மட்டும் ஒளிரவே இல்ல. கறுப்பா உட்கார்ந்திருந்தது.

இன்னிக்குத் தெரிஞ்ச ஆசாரிகிட்ட உட்கார்ந்து பிரிச்சோம். பதிமூணு கல்லும் சேர்ந்து 1.49 கேரட். ஒண்ணு 11 சென்ட், ஒண்ணு 12 சென்ட் அப்படித்தான். அந்த ஒளிராத கல்லு விட்டத்துல மத்ததோட அச்சு அசல், ஆனா எடை 19 சென்ட்!

#22 லூப்_தாத்தா
ஞாயிறு, இரவு 10.25

தூங்கப் போறவனை எழுப்பிட்டீங்க. அது வைரம் இல்லம்மா.

ஒளிராததால சொல்லல, ஒளிராத நல்ல வைரமும் உண்டு. எடையாலதான். அளவு ஒண்ணா இருந்து எடை ஒன்றரை மடங்குக்கு மேலன்னா அமெரிக்கன் டைமண்ட், க்யூபிக் ஜிர்க்கோனியா. வைரத்தோட அடர்த்தி 3.52, அதோடது 6ஐ ஒட்டி வரும். டெஸ்டர் பேனா வச்சாலும் கத்தாது. 1974ல அந்தக் கல்லு கடைக்கே வரல, எழுபதுகள் கடைசியிலதான் சந்தைக்கு வந்துச்சு. அப்ப அது தாத்தா பதிச்ச கல் இல்ல, நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க. தோடு ரிப்பேருக்கு எங்கயாவது போச்சா?

#23 சூரத்_தமிழன்
ஞாயிறு, இரவு 10.40

அப்ப அந்தக் கடைப் பையன் நீல லைட்ல வச்சப்போ அவனுக்கு இது தெரிஞ்சிருக்கணுமே. பதினாலுக்கும் விலை சொன்னானே!

#24 எக்ஸெல்_வாத்தியார்
ஞாயிறு, இரவு 10.44

அவன் சொன்ன 1.40ல ஒரு போலியைக் கழிச்சா 1.30. அசல்ல இருக்கிறது 1.49. அதாவது 19 சென்ட் குறைச்சு அளந்திருக்கான். போலிக்கு 10 சென்ட் காசு தந்திருந்தாலும் கடைசியில 9 சென்ட் அவன் பக்கம் வந்திருக்கும் பாருங்க.

#25 காவேரிக்கரை
திங்கள், காலை 7.30

அம்மாகிட்ட ராத்திரியே கேட்டேன். முதல்ல தெரியாதுன்னாங்க. காலையில காபி கொடுக்கும்போது சொன்னாங்க.

1989 மகாமகத்துக்கு முந்தின... இல்ல, மகாமகம் 1992. அது வேற. 1989ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தப்போ ஒரு கல்லு விழுந்துடுச்சாம். தேடித் தேடிப் பார்த்துக் கிடைக்கல. அப்பாகிட்ட சொல்லி அழுதிருக்காங்க. அப்பா தோட்டை எடுத்துக்கிட்டுப் போய் ரெண்டு நாள்ல சரி பண்ணிக் கொண்டு வந்து, "அதே மாதிரி ஜாகர் கிடைச்சுடுச்சு"ன்னு கொடுத்தாராம். அந்த வருஷம்தான் அப்பாவுக்கு மில்லுல வேலை போச்சு.

"உங்கப்பா கொண்டு வந்த அன்னிக்கே வாசல்ல வெயில்ல பார்த்தேன்"ன்னாங்க அம்மா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. இத்தனை வருஷமும் அதைப் போட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க.

#26 செட்டிநாட்டு_ஆச்சி
திங்கள், காலை 7.52

அடி ஆத்தா.

#27 சூரத்_தமிழன்
திங்கள், காலை 9.30

அக்கா, 11 சென்ட் பழைய கட்டிங், நீலம் ஒளிர்ற கல்லு ஒண்ணு வேணும்னா இங்க தேடிப் பார்க்கலாம். நிறம் ஐயா ஜேயான்னு மட்டும் யார்கிட்டயாவது காட்டித் தெரிஞ்சுக்குங்க. புதுக் கட்டிங் வச்சா அந்த ஒண்ணு மட்டும் வேற மாதிரி மின்னும்.

#28 காவேரிக்கரை
திங்கள், இரவு 9.05

ரொம்ப நன்றி தம்பி. வேண்டாம். அந்தக் கல்லையே அதே இடத்துல வைக்கச் சொல்லிட்டாங்க அம்மா. பொண்ணும் சரின்னுட்டா. இந்தத் தடவை ஓப்பன் கட்டு, 18 கேரட், சேதாரம் 12 சதவீதத்துக்கு ஆசாரி ஒத்துக்கிட்டார். எண்ணி, எடை எழுதி, கையெழுத்து வாங்கியாச்சு.

#29 லூப்_தாத்தா
செவ்வாய், காலை 5.45

பில்லுலயும் "13 இயற்கை வைரம், 1 வெள்ளைக் கல், இடது தோடு, மேல்"னு தெளிவா எழுதச் சொல்லுங்கம்மா. இன்னும் முப்பது வருஷத்துல உங்க பேத்தி ஏதாவது ஒரு கவுண்டர்ல போய் நிப்பா.